சுவரில் தொங்காத வசனங்கள்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வீடு கிறிஸ்தவர் வீடு என்று தெரிந்துகொள்ள வாசலில் சிலுவை இருக்கவேண்டியதில்லை. உள்ளே நுழைந்து சுவரைப் பார்த்தால் போதும். சட்டம் போட்ட வேத வசனம் ஒன்று அங்கே தொங்கும். பழைய வீடுகளில் அது துணியில் நூலால் தைத்த வசனமாக இருக்கும். அந்த வீட்டு அம்மாள் கல்யாணத்துக்கு முன்பு போர்டிங் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஓரத்தில் ஒரு ரோஜாப் பூவும் வைத்துத் தைத்தது. புது வீடுகளில் வாசலுக்கு மேலே கருங்கல் பலகையில் வெட்டிப் பதித்திருப்பார்கள். கடைக்காரர் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருப்பார். லாரிக்காரர் முன் கண்ணாடிக்கு மேலே எழுதியிருப்பார். டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனைக்குப் போனவர்கள், புது வருஷம் பிறந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். வருஷம் முழுவதும் அது நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருக்கும். இவை போதாதென்று, இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே செல்போனிலும் ஒரு வசனம் வந்து காத்திருக்கிறது.

நான் இருக்கும் சங்கரன்கோவிலிலும் இப்படித்தான். 2019-ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமானபோது எங்கள் ஊர் அதோடு போய்விட்டது; ஆனாலும் பேச்சிலும் பழக்கத்திலும் நாங்கள் இன்னும் திருநெல்வேலிக்காரர்கள்தாம். சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. கோயில், விசைத்தறி, பூச்சந்தை, இந்த மூன்றும்தான் ஊருக்குச் சோறு போடுகின்றன. கிறிஸ்தவர்கள் இங்கே கொஞ்சப் பேர். கொஞ்சப் பேராக இருப்பதாலோ என்னவோ, சுவரில் வசனம் மாட்டுவதில் குறை வைப்பதில்லை.

கதை எழுதுகிறவனுக்குப் பிறர் வீட்டுச் சுவரைப் பார்ப்பது ஒரு தொழில் பழக்கம். பல வருஷங்களாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அதிலே ஒரு விசேஷம் இருக்கிறது. வேதப் புத்தகத்தில் வாக்குத்தத்தங்கள் உண்டு, கட்டளைகள் உண்டு, கண்டனங்களும் உண்டு. சுவருக்கு வந்து சேருவது பெரும்பாலும் வாக்குத்தத்தம் மட்டும்தான். காப்பேன், உயர்த்துவேன், பெருகப் பண்ணுவேன் என்ற வகையைச் சேர்ந்தவை. கொடுத்துவிடு, மன்னித்துவிடு, வாங்கியதைத் திருப்பிக் கொடு என்ற வகை வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

இது கிறிஸ்தவர்களுடைய சங்கதி, நமக்கென்ன என்று மற்ற வாசகர்கள் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். அரசுப் பேருந்திலே திருக்குறள் எழுதியிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து நாம் எத்தனையோ தடவை பிரயாணம் செய்திருக்கிறோம். எல்லா மதத்தாருக்கும் ஏதோ ஒரு நூல் இருக்கிறது. அதை மாட்டி வைக்க ஒரு சுவரும் இருக்கிறது. நல்ல வார்த்தைக்கும் நாம் நடக்கிற நடைக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எல்லாருக்கும் பொது.

வாக்குத்தத்தம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறாள். ஒரே மகனை விபத்தில் பறிகொடுத்தவள். மேய்ப்பனைப் பற்றிய 23-ஆம் சங்கீதத்தை அந்த ஒரு வருஷம் அவள் ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தாள். அவளிடம் போய்க் கட்டளையைப் பற்றிப் பேச யாருக்கும் நாக்கு வராது, வரவும் கூடாது. உடைந்தவருக்கு ஆறுதல் வேண்டும். நான் பேசுவது உடையாதவர்களைப் பற்றி. நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் உள்ள நம்மைப் போன்றவர்கள் ஏன் வேதத்தில் ஆறுதல் பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

சுவரில் தொங்கும் வசனத்துக்கு ஒரு கதி நேர்ந்துவிடுகிறது. அதற்கு மேலே இருந்ததும் கீழே இருந்ததும் கத்தரிக்கப்பட்டுப் போகின்றன. பரீட்சை எழுதும் பிள்ளைகளின் மேஜையில் பிலிப்பியர் நிருபத்தின் நாலாம் அதிகாரத்திலிருந்து 13-ஆம் வசனம் ஒட்டியிருக்கும். எதையும் செய்ய எனக்குப் பலன் உண்டு என்ற பொருளில் அதை வாசிக்கிறார்கள். கணக்குப் பரீட்சைக்கு மிகவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பவுல் அதைச் சிறையில் இருந்துகொண்டு எழுதினார். அதற்கு முந்தின வசனத்தில் அவர் சொல்வது, பசியோடு இருக்கவும் தெரியும், வயிறு நிறைந்திருக்கவும் தெரியும், இரண்டையும் கற்றுக்கொண்டேன் என்பது. ஜெயிப்பேன் என்று அவர் சொல்லவில்லை. தோற்றாலும் கலங்கமாட்டேன் என்று சொன்னார். பரீட்சையில் தேறாத பிள்ளைக்குத்தான் அந்த வசனம் முதலில் வேண்டும். அன்றைக்குத்தான் நாம் அதை மேஜையிலிருந்து கிழித்துவிடுகிறோம்.

வியாபாரிகளுக்கு உபாகமம் 28-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் மிகவும் பிரியம். நீ பலருக்குக் கடன் கொடுப்பாய், நீ கடன் வாங்கமாட்டாய் என்ற கருத்துள்ளது. எந்த வியாபாரிக்குத்தான் பிடிக்காது? அந்த அதிகாரம் 'நீ கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால்' என்ற நிபந்தனையோடு ஆரம்பிக்கிறது. 68 வசனங்கள் உள்ள அதிகாரத்தில் முதல் 14 மட்டுமே ஆசீர்வாதம். மிச்சமெல்லாம் செவிகொடுக்காதவனுக்கு என்ன நேரும் என்ற பட்டியல். அட்டை அச்சடிக்கிறவர் நிபந்தனையை விட்டுவிட்டு ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார். பத்திரத்தில் ஷரத்துக்களை நீக்கிவிட்டுத் தொகையை மட்டும் படிப்பது போலத்தான்.

இன்னும் ஒன்று. எரேமியா 29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். கடவுள் நமக்குச் சமாதானமான முடிவையே நினைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். இதை மாட்டாத கிறிஸ்தவர் வீடு எங்கள் பக்கம் அபூர்வம். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியனுப்பிய கடிதத்தில் வருவது அது. அதற்கு முந்தின வசனம், இதெல்லாம் நடக்க எழுபது வருஷமாகும் என்கிறது. வாசித்துக் கேட்டவர்களில் வயது வந்தவர்கள் அந்த முடிவைக் கண்ணால் காணமாட்டார்கள். அதற்கு நாலு வசனம் மேலே, 7-ஆம் வசனத்தில், தீர்க்கதரிசி ஒரு வேலையும் கொடுக்கிறார்: நீங்கள் கொண்டுவிடப்பட்டிருக்கிற அந்த ஊரின் நலத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் செய்யுங்கள், அதன் சமாதானத்தில்தான் உங்கள் சமாதானமும் இருக்கிறது. அந்த ஊர் எது? வேறு தெய்வங்களைக் கும்பிடுகிற ஊர். 11-ஆம் வசனம் எல்லா வீட்டிலும் தொங்குகிறது. 7-ஆம் வசனத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

வனாந்தரத்தில் இயேசு சோதிக்கப்பட்ட கதை பலருக்குத் தெரியும். அதில் எல்லாரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே சாத்தானும் வேத வசனம் சொல்கிறான். அவன் எடுத்துச் சொல்வது 91-ஆம் சங்கீதம்; கால் கல்லில் இடறாதபடி தூதர்கள் தாங்குவார்கள் என்ற வாக்குத்தத்தம். பிரயாணம் புறப்படும்போதும் வியாதி வந்தபோதும் நம் வீடுகளில் வாசிக்கப்படுகிற அதே சங்கீதம். இயேசு மூன்று தடவையும் பதில் சொல்கிறார். மூன்று பதிலும் உபாகமத்தின் 6, 8 ஆகிய இரண்டு அதிகாரங்களிலிருந்து எடுத்தவை. மனுஷன் எதனால் பிழைக்கிறான், எதைச் செய்யக் கூடாது, யாரை மட்டும் சேவிக்க வேண்டும் என்று சொல்கிற நியாயப்பிரமாணத்தின் வார்த்தைகள். வாக்குத்தத்தம் சோதிக்கிறவன் வாயில். கட்டளை சோதிக்கப்படுகிறவர் வாயில். வசனம் ஒன்றேதான், அதை எடுக்கிற கையைப் பொறுத்து அது மருந்தாகவும் ஆகிறது, விஷமாகவும் ஆகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

வாக்குத்தத்தங்களை நமக்கு என்று எடுத்துக்கொள்கிறோமே, கட்டளைகளை என்ன செய்கிறோம்? அவற்றை நாம் எறிந்துவிடுவதில்லை. பிறருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், புருஷன் அடிக்கிறான் என்று பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். முதுகிலும் கையிலும் தடம் இருந்தது. சமாதானம் பண்ணிவைக்கப் பெரியவர்கள் வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், பக்தியுள்ளவர்கள். ஒருவர் வேதப் புத்தகத்தைத் திறந்து எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற 22-ஆம் வசனத்தை வாசித்தார். இன்னொருவர் ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தைக் காட்டும் போதனையை எடுத்துச் சொன்னார். பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் தாய், பள்ளிக்கூடத்துப் படிப்பு அதிகம் இல்லாதவள், அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்:

"ஐயா, நீங்க வாசிச்சதுக்குக் கீழ மூணு வசனம் தள்ளி மாப்பிள்ளைக்கும் ஒண்ணு எழுதியிருக்கே. அதை அவன் வீட்டுல போயி யாரு வாசிக்கது?"

25-ஆம் வசனம் அது. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்தது போலப் புருஷன் மனைவியிடம் அன்பாயிருக்க வேண்டும் என்பது. உயிரைக் கொடுக்கச் சொல்கிறது. கையை ஓங்கச் சொல்லவில்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் அவர்களில் மூத்தவர் எழுந்து, "வாங்க, அங்கே போவோம்" என்றார். அவர்கள் போனார்கள் என்பதை நான் மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்.

மறு கன்னத்தைக் காட்டு என்ற போதனை உலகத்திலேயே கடினமானவற்றில் ஒன்று. லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி அந்த மலைப்பிரசங்கத்தை வாசித்து மனம் நெகிழ்ந்தார். கடைசி வரைக்கும் இந்துவாகவே இருந்து, அதைத் தம் உடம்பிலே சோதித்துப் பார்த்தார். அவருக்கு அந்தப் போதனை பெருமை தந்தது. ஏனென்றால் அவர் அதைத் தம்முடைய கன்னத்துக்கு எடுத்துக்கொண்டார். அடிபடாதவன் அடிபட்டவளைப் பார்த்து அதையே சொல்லும்போது அது பொறுமைப் போதனை அல்ல, அடித்தவனுக்கு வக்காலத்து.

சபையின் பொது வாழ்விலும் இதே கதைதான். கிறிஸ்துவுக்குள் இனமும் குலமும் அடிமை எஜமான் வித்தியாசமும் இல்லை என்கிற கலாத்தியர் நிருபத்து வசனத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவன் கிடையாது. 1833-ஆம் ஆண்டிலேயே கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபையில் ஜாதி வித்தியாசம் கூடாதென்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதைத் தாங்கமாட்டாமல் விலகிப் போனவர்கள் பலர். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் கிறிஸ்தவப் பத்திரிகையில் 'மணமகள் தேவை' விளம்பரத்தைப் பாருங்கள்; இரட்சிக்கப்பட்ட பெண்ணாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி, எந்த ஜாதியாக இருக்க வேண்டும் என்று அடுத்த வரி. அந்த வசனத்தையும் பிரசங்கத்தில் கேட்கிறோம்; சுவரில் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர்த் தறிக்கு வருகிறேன். சங்கரன்கோவில் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தறிக்கூடம் வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. வியாபாரி நூல் கொடுப்பார்; இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்; அதிலிருந்து தறி ஓட்டுகிறவர்களுக்கு வாரக் கூலி கொடுப்பார். கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு ஆசீர்வாத வசனம். ஒரு நாள் அவரிடம், "லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் 13-ஆம் வசனம் ஒன்று இருக்கிறது, கூலிக்காரனுடைய கூலி விடிகிற வரைக்கும் உன்னிடம் இருக்கக் கூடாது என்று. தறிக்கூடத்துக்கு அதுதானே பொருத்தம், அதை மாட்டினால் என்ன?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, அதை மாட்டினா மொதல்ல வாசிக்கது நானா? தறி ஓட்டுதவன்லா வாசிப்பான்!"

அந்தச் சிரிப்பில் எவ்வளவு உண்மை! வாக்குத்தத்தத்தை மாட்டினால் நாம் வாசிக்கிறோம். கட்டளையை மாட்டினால் நமக்குக் கொடுக்கவேண்டியவர்கள் அல்ல, நாம் கொடுக்கவேண்டியவர்கள் வாசிப்பார்கள். சுவர்கள் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் சொன்னது நியாயமான பேச்சு. "எனக்கு வியாபாரி பத்து நாள் கழிச்சுத்தான் ரூபாய் தாரார். நூல் விலை ஏறினா அதுவும் தள்ளிப் போவுது. நான் எங்கேயிருந்து விடியறதுக்கு முந்திக் கொடுக்க? மோசே காலத்துல தவணை வியாபாரம் உண்டா?"

இங்கேதான் விஷயம் கடினமாகிறது. பாலைவனத்தில் ஆடு மேய்த்த ஜனங்களுக்குக் கொடுத்த சட்டத்தை விசைத்தறிக்கு எப்படிப் பொருத்துவது? எழுத்துக்கு எழுத்து பொருத்த முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். ஆனால் வேதம் பல இடங்களில் கட்டளையோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதே கூலிச் சட்டம் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் மறுபடி வருகிறது. அங்கே காரணம் இருக்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியின்மேல்தான் அவன் மனதை வைத்திருக்கிறான். காரணம் தெரிந்துவிட்டால் கட்டளையை எந்தக் காலத்துக்கும் கொண்டுவரலாம். பணம் தாமதமாகிறபோது யாரோ ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். யாரால் காத்திருக்க முடியும்? பத்து நாள் காத்தால் வியாபாரிக்கு வட்டி போகும். தறிக்கூடக்காரருக்கு நகை அடகுக்குப் போகும். தறி ஓட்டுகிறவன் காத்தால் அவன் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரியாது. இருப்பு அதிகம் உள்ளவன் முதலில் காத்திருக்கட்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். இதற்கு மோசே காலம், தறிக் காலம் என்ற வித்தியாசம் கிடையாது.

அந்த அதிகாரத்தில் இன்னொரு பொருத்தம். 13-ஆம் வசனத்தில் கூலி. சரியாக ஐந்து வசனம் கீழே, 18-ல், உன்னிடத்தில் நீ அன்புகூருவது போல் அயலானிடத்திலும் அன்பாயிரு என்ற, இயேசு தாமே எடுத்தாண்ட பெரிய கட்டளை. அயலானை நேசிப்பதைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கண்ணீர் விடுகிறோம். சனிக்கிழமைக் கூலியிலிருந்துதான் அந்த நேசத்துக்கு வழி போகிறது என்று வேதம் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

இரண்டு வசனங்கள் ஒன்றுக்கொன்று மோதினால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். எங்கள் ஊரில் அந்தக் கேள்வி வருஷா வருஷம் ஆடி மாதத்தில் வந்துவிடும். ஆடித்தபசுக்குச் சுற்று வட்டாரத்துக் கிராமங்களெல்லாம் திரண்டு வரும். விவசாயிகள் தங்கள் பருத்தியையும் மிளகாயையும் கொண்டுவந்து அம்மனுக்குச் சூறையிடுவார்கள். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்களுக்குச் சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சண்டை வந்ததாம். அம்மன் தவமிருந்தாளாம்; ஒரே திருமேனியில் பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் காட்சி கிடைத்ததாம். யார் பெரியவன் என்ற சண்டை இயேசுவின் சீஷர்களுக்குள்ளும் வந்தது. அவர் ஒரு சிறு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். மனுஷர்களின் சண்டை எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அந்த நாட்களில் வெயிலில் நடந்து வருகிறவர்களுக்காக எங்கள் தெருவில் இரண்டொரு கிறிஸ்தவ வீட்டுக்காரர்கள் வாசலில் மோர்ப்பானை வைப்பதுண்டு. வேறு சிலருக்கு இது பிடிக்காது. அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதிருங்கள் என்ற கருத்துள்ள கொரிந்தியர் வசனத்தைக் காட்டுவார்கள். விக்கிரகத் திருவிழாவுக்கு நாம் துணை போகலாமா என்பார்கள். அவர்கள் மனசாட்சியை நான் கேலி செய்யமாட்டேன். தன் விசுவாசம் என்ன என்பதில் ஒருவனுக்கு உறுதி வேண்டும். மோர் ஊற்றுகிறவர்களோ மத்தேயு 25-ஆம் அதிகாரத்தைச் சொல்வார்கள். அங்கே நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா கேட்பது, தாகமாயிருந்தேனே, எனக்குக் குடிக்கக் கொடுத்தாயா என்பது. தாகத்தோடு வந்தவன் எந்தக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான் என்று அங்கே கேள்வியே இல்லை.

இரண்டும் வேதம். எதை எடுப்பது? நான் இறையியல் படித்தவன் அல்ல. கல்லூரியில் இன்டர்மீடியட்டோடு நின்றவன். ஆனால் என் சொந்த உபயோகத்துக்கு ஓர் உரைகல் வைத்திருக்கிறேன். இரண்டு வசனம் எதிரும் புதிருமாக நின்றால், எது எனக்குச் செலவு வைக்கிறதோ அதன் பக்கம் முதலில் திரும்பிப் பார்க்கிறேன். பானை வைக்காமல் இருக்க எனக்கு ஒரு காசு செலவில்லை. வெயிலிலும் நிற்க வேண்டாம். இவ்வளவு சௌகரியமாக ஒரு வசனம் எனக்கு வாய்த்தால், அதை என் பக்திதான் தேர்ந்தெடுத்ததா, என் சோம்பல் தேர்ந்தெடுத்ததா என்று சந்தேகப்படுவது நல்லது. எரேமியாவின் கடிதமும் நினைவுக்கு வருகிறது. எந்த ஊரில் விடப்பட்டிருக்கிறோமோ அந்த ஊரின் நலம்.

இந்த உரைகல்லிலும் ஆபத்து இருக்கிறது. அது என் கையில் இருந்து என்னையே உரசிப் பார்க்கிற வரைக்கும்தான் அதற்கு மதிப்பு. 'செலவு வைக்கிற வசனம்' என்று சொல்லிக்கொண்டு அதை அடுத்தவன் மேல் சுமத்தினால், அந்தப் பெண்ணுக்கு மறு கன்னத்தைப் போதித்த கதையாக முடியும். ஏழைக்குப் போதும் என்ற மனதைப் போதிக்கிறவனும், கூலி கேட்டவனுக்குப் பொறுமையைப் போதிக்கிறவனும் செலவு வைக்கிற வசனத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் செலவு அவர்களுடையது அல்ல.

எகிப்தில் கி.பி. 270-ஐ ஒட்டி அந்தோணி என்ற வாலிபன் இருந்தான். புளியம்பட்டியில் கூட்டம் கூடுகிறதே, அந்தப் பதுவை அந்தோனியார் அல்ல. அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர். தாய் தகப்பன் இறந்து நிறைய நிலம் கைக்கு வந்திருந்த நேரம். கோயிலில் ஒரு நாள் சுவிசேஷம் வாசித்தார்கள். உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு ஒரு பணக்கார வாலிபனிடம் சொன்ன பகுதி. அந்த வாலிபன் துக்கத்தோடு போய்விட்டதாகச் சுவிசேஷம் சொல்கிறது. அந்தோணியோ அது தனக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு, வெளியே வந்து நிலத்தைக் கொடுத்துவிட்டான். தங்கைக்கென்று கொஞ்சம் வைத்திருந்தான். இன்னொரு நாள் நாளையைக் குறித்துக் கவலைப்படாதே என்ற வசனத்தைக் கேட்டு அதையும் கொடுத்தான். நம்மில் எத்தனை பேருக்கு அது முடியும்? எனக்கு முடியாது. குடும்பஸ்தன் எல்லாருக்கும் அது விதியும் அல்ல.

குடும்பஸ்தர்களுக்கும் முடிகிற வழி ஒன்றை எங்கள் திருநெல்வேலி கண்டுபிடித்திருக்கிறது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ல், தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஊரை விட்டுத் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற உதவுவதற்காக. 1903-ல் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அவர் தோழர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைப் பாளையங்கோட்டையில் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், நம் ஆட்கள், நம் காசு என்று நிஜாம் சீமையில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அசரியா பிறகு 1912-ல் ஆங்கிலிக்கன் சபையில் இந்தியரில் முதல் அத்தியட்சரானார். நம் காசு என்றால் யார் காசு? ஜமீன்தார் காசல்ல. பனையேறிகளும் சம்சாரிகளும் கொடுத்தது.

அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைத்ததும் களைந்து போட எடுத்த அரிசியிலிருந்து வீட்டுக்காரி ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவாள். கைப்பிடி அரிசி என்று பெயர். கோயில் வேலைக்கும் ஏழைக்கும் அது போகும். அரிசி குறைவாக இருந்த நாளிலும் பிடி குறையாது என்பார்கள். குறைவது அவள் சாப்பாட்டில். இன்றும் சில வீடுகளில் அந்தப் பானை இருக்கிறது. அதன் மேல் எந்த வசனமும் எழுதியிருக்காது.

தமிழ் வேதாகமத்தில் ஒரு நல்ல சொல் அடிக்கடி வருகிறது. கட்டளையை நிறைவேற்றுவதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் 'கைக்கொள்ளுதல்' என்ற சொல்லை எடுத்தார்கள். தமிழிலே அது பழைய சொல். தினம் ஓதி ஓதித் தேய்ந்து போனதால் அதற்குள் 'கை' இருப்பதை மறந்துவிட்டோம். கண்ணால் வாசிப்பதும் வாயால் ஒப்பிப்பதும் கைக்கொள்ளுதல் ஆகாது. இந்த வருஷம் வாக்குத்தத்த அட்டையை எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் வேதப் புத்தகத்தைத் திறந்து, அந்த வசனத்துக்கு நாலு வசனம் மேலேயும் நாலு வசனம் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். கைக்கு வேலை அநேகமாக அங்கேதான் இருக்கும்.